குன்றை விட்டு இறங்கிய குரு: புனித யோசப் வாஸ்



நம் பங்குகளிலிருந்து ஆண்டுதோறும் பலர் கோவாவுக்குத் திருப்பயணம் போகிறார்கள். போம் ஜேசு பேராலயத்தில் புனித சவேரியாரின் திருவுடல் இருக்கும் பேழையின் முன் முழங்காலிட்டு, எதிரே உள்ள பெரிய கதீட்ரலையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். பழைய கோவா நகரின் மேற்கே ஒரு சிறிய குன்று உண்டு. 'புனிதக் குன்று' என்று பெயர். அதன் மேல் ஏறிப் பார்க்க நம்மில் பலருக்கு நேரம் கிடைப்பதில்லை. அந்தக் குன்றுகளின் நகரில் படித்து, குருவாகி, பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு கூலியாளின் வேடத்தில் கடல் கடந்து போன ஒரு மனிதரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர்தான் புனித யோசப் வாஸ் அடிகளார். இலங்கையின் திருத்தூதர் என்று போற்றப்படுபவர். நம் மண்ணுக்கும் நம் தாய்மொழிக்கும் நெருங்கிய உறவு கொண்டவர்.

ஆலயங்கள் நிறைந்த குன்று

1510-ஆம் ஆண்டு போர்த்துக்கீசியத் தளபதி அல்போன்சோ தெ அல்புகெர்க் கோவாவைக் கைப்பற்றினார். அன்றைய போரை இந்தக் குன்றின் மேல் நின்றே அவர் கவனித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அதன் நினைவாக எழுந்தது செபமாலை அன்னை ஆலயம். 1542-இல் கோவா வந்து இறங்கிய புனித சவேரியார், மாலை வேளைகளில் இந்தக் குன்றில்தான் எளிய மக்களுக்கு மறைக்கல்வி கற்பித்தார் என்பது அங்கு வழங்கும் மரபு.

பின்னர் குன்றின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டடங்கள் எழுந்தன. அகுஸ்தீன் சபைத் துறவிகள் ஒரு பெரிய மடத்தையும் ஆலயத்தையும் கட்டினார்கள். அதன் மணிக்கோபுரம் 46 மீட்டர் உயரம். அதன் அருகே 1606-இல் தொடங்கி 1627-இல் முடிக்கப்பட்ட புனித மோனிக்கா கன்னியர் மடம். புனித அந்தோனியார் சிற்றாலயமும் உண்டு. இயேசு சபையினரின் புனித பவுல் கல்லூரியும் பிற்காலத்தில் இந்தக் குன்றுக்கே வந்து சேர்ந்தது. வேறொரு குன்றின் மேல் 'அற்புதச் சிலுவை' ஆலயம் இருந்தது. 1619-ஆம் ஆண்டு அங்கே நட்டிருந்த ஒரு மரச்சிலுவையில் ஆண்டவரின் திருக்காட்சியை மக்கள் கண்டதாக நம்பியதால் எழுந்த ஆலயம் அது.

ஒரு நகரின் நடுவே இத்தனை ஆலயங்கள், மடங்கள், மணியோசைகள்! ஆனால் இந்த மாட்சிக்குள் ஒரு குறையும் இருந்தது. அந்தப் பெரிய மடங்களின் கதவுகள் இந்த மண்ணின் மைந்தர்களுக்குப் பெரும்பாலும் மூடியே இருந்தன. இந்தியர் குருவாகலாம். ஆனால் ஐரோப்பியத் துறவற சபைகளில் சேர்ந்து துறவியாக முடியாது என்பதே அன்றைய வழக்கம். நற்செய்தி எல்லாருக்கும் உரியது என்று போதித்த நகரிலேயே, மனிதரின் தோலின் நிறமும் பிறந்த நாடும் பார்க்கப்பட்டன. இந்தச் சூழலில்தான் யோசப் வாஸ் வளர்ந்தார்.

வெறுங்காலுடன் நடந்த குரு

1651 ஏப்ரல் 21 அன்று தெற்குக் கோவாவின் பெனாலிம் என்னும் ஊரில், தம் தாயின் இல்லத்தில் யோசப் வாஸ் பிறந்தார். தந்தை கிறிஸ்தோவாம் வாஸ் சங்கோலே என்னும் ஊரைச் சேர்ந்தவர். தாயார் மரியா தெ மிராந்தா. இருவருமே பக்தியுள்ள கொங்கணிக் கத்தோலிக்கர்கள். எட்டாம் நாளில் பெனாலிம் புனித திருமுழுக்கு யோவான் ஆலயத்தில் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது.

சிறுவன் யோசப் சங்கோலேயில் போர்த்துக்கீசிய மொழியும், பெனாலிமில் இலத்தீனும் கற்றான். மேற்படிப்புக்குக் கோவா நகருக்கு வந்து, இயேசு சபையினரின் புனித பவுல் கல்லூரியில் படித்தான். மெய்யியலும் இறையியலும் தோமினிக் சபையினரிடம் கற்றான். 1676-இல் கோவா பேராயரின் கைகளால் குருத்துவ அருள்பொழிவு பெற்றார்.

புதிதாகக் குருப்பட்டம் பெற்றவர் செய்த முதல் செயல் என்ன தெரியுமா? காலணிகளைக் கழற்றிவிட்டார். ஏழைகள் வெறுங்காலோடு நடக்கும்போது தாமும் அப்படியே நடப்பது என்று முடிவு செய்தார். நல்ல மறையுரையாளர் என்றும், கனிவோடு பாவசங்கீர்த்தனம் கேட்பவர் என்றும் விரைவிலேயே பெயர் பெற்றார். சங்கோலேயில் குருமாணவராக விரும்பும் இளைஞர்களுக்காக இலத்தீன் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1677 ஆகஸ்ட் 5 அன்று அன்னை மரியாவுக்குத் தம்மை அடிமையாக ஒப்புக்கொடுத்து, அதைத் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டார். அடிமைகளை விலைக்கு வாங்கி விற்ற அந்தக் காலத்தில், ஒரு கல்விமான் தானாக முன்வந்து அடிமை என்று எழுதிக் கொடுத்தார்! அன்று முதல் அவருடைய வாழ்வு முழுவதும் இந்த ஒப்பந்தத்தின் விரிவுரை என்றே சொல்லலாம்.

கனராவில் கற்ற பாடம்

1681-இல் அவரைக் கனரா மறைப்பணிக்குத் தலைவராக அனுப்பினார்கள். இன்றைய கர்நாடகக் கடற்கரைப் பகுதி அது. அங்கே திருச்சபை இரண்டாகப் பிளந்து கிடந்தது. போர்த்துக்கல் மன்னரின் பதுரவாதோ உரிமைப்படி கோவாவிலிருந்து வந்த குருக்கள் ஒரு பக்கம். உரோமையின் விசுவாசப் பரப்புப் பேராயம் நியமித்த ஆயர் தோமாஸ் தெ காஸ்த்ரோ மறு பக்கம். யாருடைய அதிகாரம் செல்லும் என்ற வழக்கில், யாரிடம் பெற்ற அருளடையாளம் செல்லும் என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள்.

யோசப் வாஸ் அடிகளார் கோவாவின் சார்பில் போனவர். தம் தரப்பு வெல்ல வேண்டும் என்று அவர் வாதாடியிருக்கலாம். ஆனால் மக்களின் மனச்சான்று அமைதி பெற வேண்டும் என்பதையே முன்வைத்து ஆயரிடம் பணிவோடு பேசினார். இழுபறி முழுவதும் தீரவில்லை. எனினும் அவர் ஆலயங்களைச் சீர்படுத்தினார். பள்ளிகள் தொடங்கினார். பக்தசபைகளை ஏற்படுத்தினார். மங்களூரு அருகே முடிப்பு என்னும் இடத்தில் அவர் பெயரால் இன்றும் ஒரு திருத்தலம் இருக்கிறது. 1684-இல் அவர் கோவா திரும்பினார்.

அற்புதச் சிலுவைக் குன்றில்

அந்த நேரத்தில் கோவா நகரில் ஒரு புதிய முயற்சி நடந்துகொண்டிருந்தது. துறவற சபைகளில் இடம் கிடைக்காத இந்தியக் குருக்கள் சிலர், அற்புதச் சிலுவை ஆலயத்தில் ஒன்றாகக் கூடி செபித்து, பொதுவாழ்வு நடத்தத் தொடங்கியிருந்தார்கள். 1685 செப்டம்பரில் யோசப் வாஸ் அவர்களோடு சேர்ந்தார். உடனே அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். உரோமை நகரின் புனித பிலிப்பு நேரி தொடங்கிய ஒரட்டோரியன் சபையின் ஒழுங்கை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இந்தியர்களுக்காக, இந்தியர்களாலேயே இந்த மண்ணில் உருவான துறவற இல்லம் அது. 1706-இல் திருத்தந்தை பதினொன்றாம் கிளமெண்ட் அதற்கு ஒப்புதல் அளித்தார்.

இங்கே சற்று நின்று யோசிப்போம். கதவு மூடப்பட்டபோது அவர்கள் கல்லெறியவில்லை. திருச்சபையை விட்டு வெளியேறவும் இல்லை. மனம் கசந்து ஒதுங்கி உட்காரவும் இல்லை. இருக்கிற சிற்றாலயத்தில் முழங்காலிட்டார்கள். அந்தச் செபத்திலிருந்து புதிய கதவு ஒன்று திறந்தது.

தலைவரான யோசப் வாஸ் அங்கேயே மதிப்போடு வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் உள்ளத்தில் வேறொரு கவலை எரிந்துகொண்டிருந்தது. 1658-க்குள் டச்சுக்காரர்கள் இலங்கையின் கடற்கரைப் பகுதிகளைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்துவிட்டார்கள். நம் பரங்கிப்பேட்டையிலும் தேவனாம்பட்டினத்திலும் பண்டசாலை வைத்து வணிகம் செய்த அதே டச்சுக்காரர்கள்தான். கால்வினியரான அவர்கள் கத்தோலிக்கக் குருக்களை இலங்கையிலிருந்து வெளியேற்றினார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று ஆணையிட்டார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக அங்குள்ள மக்கள் குரு இல்லாமல், திருப்பலி இல்லாமல், பாவமன்னிப்பு இல்லாமல் வாழ்ந்தார்கள். வெள்ளைக் குரு ஒருவர் போனால் தோலின் நிறமே காட்டிக் கொடுத்துவிடும். இந்தியர் ஒருவர் போனால்? எந்த நிறம் அவருக்கு மடங்களின் கதவை அடைத்ததோ, அதே நிறம் இலங்கையின் கதவைத் திறக்கும் சாவியாக இருக்கப் போகிறது என்பதை அவர் உணர்ந்தார்.

கூலியாளாக, பிச்சைக்காரராக

1686-இல் குன்றை விட்டு இறங்கினார். யோவான் என்னும் உண்மையுள்ள பணியாள் உடன் வந்தார். இருவரும் தென்திசை நோக்கிப் பயணம் செய்து 1687-இல் தூத்துக்குடி வந்து சேர்ந்தார்கள். தூத்துக்குடியும் அப்போது டச்சுக்காரர் கையில்தான் இருந்தது. அங்கே அவர் தமிழ் கற்றார். ஆம், அன்பர்களே! இலங்கையின் திருத்தூதர் தம் மந்தையை அணுகப் பயன்படுத்திய முதல் மொழி நம் தாய்மொழி.

குருத்துவ உடையைக் களைந்து கூலியாளின் வேடத்தில் கப்பலேறினார். துன்பமான கடற்பயணத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது கடுமையான வயிற்றுக்கடுப்பால் உயிருக்குப் போராடினார். தொற்று நோய் என்று அஞ்சி ஊரார் ஒதுக்கினார்கள். ஊருக்கு வெளியே கைவிடப்பட்டுக் கிடந்த அவருக்கு ஏழைப் பெண் ஒருத்தி கஞ்சி கொடுத்து உயிரைக் காத்தாள் என்று அவருடைய வரலாறு சொல்லுகிறது. அந்தப் பெண்ணின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இலங்கைத் திருச்சபையின் மறுவாழ்வு ஒரு கிண்ணம் கஞ்சியில் தொடங்கியது என்றால் மிகையாகாது.

நலம் பெற்றதும் ஒரு சிக்கல் எழுந்தது. யார் கத்தோலிக்கர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவர்களோ உயிருக்கு அஞ்சி மறைந்திருக்கிறார்கள். அடிகளார் கழுத்தில் ஒரு செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்தச் செபமாலையைக் கண்டு யாருடைய கண்கள் கலங்குகின்றன என்று கவனித்தார். அப்படி ஒரு குடும்பத்தைக் கண்டறிந்தார். பிறகு அடுத்த குடும்பம். இரவில் கதவுகளை அடைத்துக்கொண்டு திருப்பலி. விடியுமுன் வேறிடம். யாழ்ப்பாணத்தின் சில்லாலை என்னும் ஊர் அவருக்குப் புகலிடம் ஆனது.

1689 கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் டச்சு அதிகாரிகளுக்குச் செய்தி எட்டியது. வீரர்கள் வந்தார்கள். அடிகளார் தப்பினார். ஆனால் மக்கள் பலர் பிடிபட்டுச் சிறையையும் சாட்டையடியையும் அனுபவித்தார்கள். அவர்கள் தங்கள் குருவைக் காட்டிக் கொடுக்கவில்லை. புனிதர் ஒருவரின் வாழ்வை வாசிக்கும்போது, அவரைச் சுமந்து காத்த இந்தப் பெயர் தெரியாத தமிழ்க் கத்தோலிக்கர்களையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

கண்டியில் சிறை, மழை, அம்மை

வடக்கில் இருக்க முடியாத நிலையில் 1690-இல் புத்தளம் போனார். 1692-இல் மலைநாட்டுத் தலைநகரான கண்டிக்குச் சென்றார். அது டச்சுக்காரர் ஆட்சிக்கு உட்படாத தனி அரசு. ஆனால் அரசவையில் இருந்த ஒரு பிரெஞ்சு கால்வினியர், இவர் போர்த்துக்கீசியரின் ஒற்றர் என்று மூட்டிவிட்டார். மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையிலிட்டார். சிறையிருந்த நாள்களை அவர் வீணாக்கவில்லை. சிங்களம் கற்றார். காவல் தளர்ந்தபோது சிறை வளாகத்திலேயே ஒரு குடிசை ஆலயம் எழுப்பினார்.

பின்னர் கடும் வறட்சி. மழைக்காக எல்லாச் சடங்குகளும் செய்தும் பலனில்லை. மன்னர் கத்தோலிக்கக் குருவையும் வேண்டச் சொன்னார். அவர் திறந்த வெளியில் பீடம் அமைத்து, சிலுவையை நட்டு, முழங்காலிட்டு மன்றாடினார். பெருமழை கொட்டியது என்றும், பீடமும் அவரும் மட்டும் நனையவில்லை என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்துள்ளார்கள். அதன்பின் மன்னர் அவருக்குப் பாதுகாப்பும், நாட்டில் எங்கும் போய்ப் போதிக்கும் உரிமையும் வழங்கினார். 1696-இல் கோவா குன்றிலிருந்து அவருடைய சபைத் தோழர்கள் வந்து சேர்ந்தார்கள்.

1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னர் நகரை விட்டு வெளியேறினார். மக்கள் தங்கள் நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். யோசப் வாஸ் அடிகளாரும் அவருடைய தோழர் யோசப் கார்வாலோவும் ஓடவில்லை. கைவிடப்பட்டவர்களுக்குக் குடிசை போட்டார்கள். கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள். புண்களைக் கழுவினார்கள். இறந்தவர்களைத் தாங்களே சுமந்து அடக்கம் செய்தார்கள். நோயாளி பௌத்தரா கத்தோலிக்கரா என்று அவர்கள் கேட்கவில்லை. 2020-இல் கொரோனாக் காலத்தில் உற்றாரின் உடலைத் தொடவும் அஞ்சிய நமக்கு, இந்தச் செயலின் பெருமை நன்றாகவே விளங்கும். தமக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்த அந்த யாழ்ப்பாணப் பெண்ணின் கடனை, அவர் கண்டியில் ஆயிரம் மடங்காகத் திருப்பிச் செலுத்தினார்.

ஆயர் பதவி தம்மைத் தேடி வந்தபோது அதை ஏற்க மறுத்தார். கடைசி வரை வெறுங்காலோடு ஊர் ஊராக நடந்தார். 1705-இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளாரைத் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுத ஊக்கப்படுத்தினார். யாழ்ப்பாண மக்கள் தவக்காலத்தில் போற்றி வந்த 'வியாகுலப் பிரசங்கம்' அந்தக் கொன்சால்வேஸ் அடிகளாரின் படைப்புதான். 1711 சனவரி 16 அன்று, தம் 59-ஆம் வயதில், கண்டியில் யோசப் வாஸ் இறைவனடி சேர்ந்தார். இலங்கைக்குப் போன பின் அவர் கோவாவை மீண்டும் பார்க்கவேயில்லை.

இடிந்த கோபுரமும் இடியாத சபையும்

குன்றின் கதை என்ன ஆயிற்று? கொள்ளைநோய்களால் கோவா நகரம் வெறுமையானது. 1759-இல் ஆளுநரே நகரை விட்டு வெளியேறினார். 1835-இல் கோவாவின் துறவற சபைகளை அரசு மூடியது. மடங்கள் ஆளின்றிப் பாழாயின. அகுஸ்தீன் ஆலயத்தின் கூரை வளைவு 1842-இல் இடிந்து விழுந்தது. 1931-இல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பகுதியும் சரிந்தன. செம்புறைக் கல்லாலான பாதிக் கோபுரம் மட்டும் இன்று நிற்கிறது. அதன் மணி பணஜி நகரின் அமல அன்னை ஆலயத்தில் ஒலிக்கிறது. 1986-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் கோவாவின் ஆலயங்களையும் மடங்களையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அற்புதச் சிலுவை ஆலயமும் சிதைந்தது. அங்கிருந்த சிலுவை இப்போது கோவா கதீட்ரலில் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது அதன் முன் நின்று, இந்தச் சிலுவையின் நிழலிலிருந்து புறப்பட்ட குருவை நினைத்து ஒரு செபம் சொல்லுங்கள்.

கண்டியில் அடிகளாரை அடக்கம் செய்த ஆலயமும் அழிந்துபோயிற்று. அவருடைய கல்லறை எங்கே என்று இன்று யாராலும் காட்ட முடியாது. சவேரியாருக்குப் பளிங்குக் கல்லறையும் வெள்ளிப் பேழையும் உண்டு. யோசப் வாசுக்கு ஒரு பிடி மண்கூட அடையாளமாக இல்லை. ஆனால் அவர் செபமாலையைக் காட்டித் தேடிச் சேர்த்த திருச்சபை அழியவில்லை. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கோவாவின் ஒரட்டோரியன் குருக்களே அதைத் தாங்கி நின்றார்கள். 1995 சனவரி 21 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவரை அருளாளராக உயர்த்தினார். 2015 சனவரி 14 அன்று அதே கொழும்பு காலி முகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே திருத்தந்தை மடு அன்னையின் திருத்தலத்துக்குப் போனார். போரில் நொந்த தமிழரும் சிங்களரும் அங்கே ஒன்றாகக் கூடியிருந்தார்கள். இரு மொழியும் கற்று இரு மக்களையும் நேசித்த ஒரு புனிதரை, காயப்பட்ட அந்த நாட்டுக்கு இறைவன் தந்தது தற்செயல் அல்ல.

நமக்கு என்ன செய்தி?

நெய்வேலி, கம்மாபுரம் சுற்று வட்டாரத்தில் வாழும் நமக்கு இடம்பெயர்தல் புதிதல்ல. பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் வந்தபோது வீட்டையும் நிலத்தையும் முன்னோர் கும்பிட்ட இடங்களையும் விட்டு வந்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் பல உண்டு. வேலை தேடி வெளியூரிலிருந்து வந்து குடியிருப்புகளில் வாழ்வோரும் உண்டு. பழைய ஊரின் நினைவு வலிக்கும். அந்த வலியைச் சிறிதாக எண்ணக் கூடாது. இழந்ததற்கு நீதி கேட்பதும் நம் உரிமை. அதே வேளையில் புனித யோசப் வாசின் வாழ்வு நமக்கு ஓர் ஆறுதலைத் தருகிறது. கட்டடம் போகலாம், ஊர் போகலாம், கல்லறைகூடப் போகலாம். விசுவாசத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றுக் காக்கும் மக்கள் இருக்கும் வரை திருச்சபை இருக்கும்.

அன்று யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகள் குரு இல்லாமலே தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் செபம் கற்பித்தார்கள். இன்று நம் வீடுகளில் மாலைச் செபமாலை நடக்கிறதா? சாதியைச் சொல்லியோ, வந்தேறி என்று சொல்லியோ நம் பங்கில் யாருக்காவது கதவை அடைத்திருக்கிறோமா? நோயில் கிடக்கும் அண்டை வீட்டாருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுபோக நமக்கு மனம் வருகிறதா?

ஆண்டுதோறும் சனவரி 16 அன்று, பொங்கல் விழா நாள்களை ஒட்டி, புனித யோசப் வாசின் திருநாள் வருகிறது. புதுப்பானைப் பொங்கலைப் பகிர்ந்துகொள்ளும் அந்த நாள்களில், நம் குன்றுகளை விட்டு இறங்கி எளியவர் வீட்டு வாசலுக்குச் செல்லும் வரத்தை அவர் வழியாக இறைவனிடம் கேட்போம்.

புனித யோசப் வாசே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.